கிளாரினெட் செய்யாத குற்றம்

பெர்னார்ட் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அடுத்த மாதம் தங்கவயலிலிருந்து தம்பி மைக்கேல்ராஜ் வந்ததும் அவனிடம் கொடுத்துவிடுவதாக முடிவு. அவர் குடியிருக்கும் மர்பி டவுனில் கல்யாணமோ சாவோ, பெர்னார்ட் வாசிக்காமல் நடந்ததில்லை. ஆனால் இப்போது முன்பற்கள் நுனி நுனியாக உதிர்ந்தன. காலையில் தாடையைத் திறக்கவே படாத பாடு. முன்பு பார்த்த டாக்டர் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியும் வலி போகவில்லை. கிளாரினெட் பல்லைத் தின்னும் என்பது பேண்டுக்காரர்களின் வேதவாக்கு. அதை யார் மறுப்பது?

மனைவி கிரேஸுக்கு மனசு கேட்கவில்லை. பீடி இல்லை, குடி இல்லை. மனுஷனுக்கு இருந்த ஒரே கிறுக்கு அந்தக் கருப்புக் குழல்தான். அதுவும் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து அல்சூருக்குப் புதிதாக வந்திருந்த பல் டாக்டர் ஸ்ரீவித்யாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். குற்றவாளியையும் டாக்டர் பார்க்கட்டும் என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்ததும் கிரேஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலேஜ் பெண் மாதிரி இருந்தாள். வாயைச் சோதித்துவிட்டு அந்தப் பெண் கேட்டதோ, அதைவிட விசித்திரம்.

"கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

ஆஸ்பத்திரியில் கச்சேரியா! பெர்னார்ட் கூச்சத்தோடு கயிற்றை அவிழ்த்து வாசித்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் குனிந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ் உதட்டை உள்ள மடிச்சு, கீழ்ப்பல்லை மூடிக்கிறீங்க. அப்போ குழல் கீழ்ப்பல்லைத் தொடறதே இல்லை, சரியா?"

"ஆமாம்மா. அப்படித்தான் வாசிக்கணும்."

"அப்புறம் அந்தப் பல்லும் ஏன் தேஞ்சிருக்கு?"

கண்ணாடியை நீட்டினாள். கீழ்வரிசையும் மேல்வரிசைக்குச் சமமாக, அரம் போட்டு ராவியது போலத் தட்டையாக இருந்தது. பெர்னார்ட் விரலால் தடவிப் பார்த்தார்.

டாக்டர் கிரேஸ் பக்கம் திரும்பினாள். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாராம்மா?"

"நறநறன்னு கடிப்பாருங்க டாக்டரம்மா. வயித்துல பூச்சின்னு நானும் மாசம் தவறாம மருந்து குடுத்துக்கினுதான் இருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே கிரேஸுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"பூச்சி இல்லம்மா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணை ஒண்ணு அரைக்குது. தாடை வலியும் அதனாலதான். பாவம், குழல் ஒண்ணும் பண்ணலை."

எத்தனை வருஷமாகப் படுக்கையில் கேட்ட சத்தம்! அதை ஒருவராவது தன்னிடம் கேட்டார்களா? இந்தப் பெண் பல்லை மட்டும் பார்க்கவில்லை, வாசிப்பவரைப் பார்த்தாள், பக்கத்தில் படுப்பவளையும் கேட்டாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது கிரேஸுக்கு.

பல்லுக்கு அச்சு எடுத்து, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தாள் டாக்டர். பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. "தேஞ்சது வளராது. இனிமே தேயாம இது காப்பாத்தும். பகல்லயும் கவனமா இருங்க. உதடு மூடியிருக்கலாம், பல்லோட பல்லு ஒட்டக்கூடாது."

உறை போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் தாடை இளகியது. சொன்னபடி மைக்கேல்ராஜ் வந்து சேர்ந்தான். காப்பி குடித்துவிட்டு, "பெட்டி எங்கண்ணா?" என்று கேட்டான்.

பெர்னார்ட் உள்ளே போனார். கிரேஸ் காப்பி டம்ளரை எடுக்காமல் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தவர் தம்பி கையில் கயிற்றை மட்டும் வைத்தார்.

"இது வேணும்னா எடுத்துக்கினு போடா."