புளியங்கொட்டைக் கப்பல்

கழுத்துப் பொத்தான் ஏறவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்து சுமந்து பாஸ்கலின் கழுத்து பருத்துப்போயிருந்தது. அடைக்கலமேரி மறுபடியும் துணியை இழுத்துப் பார்த்தாள்.

"வுடுங்க அண்ணி," என்றான் அவன் தம்பி ஸ்டானிஸ்லாஸ். "மேல துண்டு போட்டா தெரியாது."

"ஆமா, கழுத்த இறுக்கும்," என்று சொல்லி அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

காலையில் பாஸ்கல் ஒரு கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் குந்திக்கிறேன்ப்பா" என்றானாம். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் உடலைக் கைவண்டியில் கொண்டுவந்து ராயபுரத்துச் சந்தில் இறக்கினார்கள். சாயங்காலம் அடக்கம். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டு காத்தூன் பீவி அழைத்துப்போய் வைத்திருந்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. மூன்று வயது வால்டர் கை நிறையப் புளியங்கொட்டையோடு ஓடிவந்தான். பின்னாலேயே அவன் அக்கா டோரதி. அவளுக்கு ஆறு வயது.

"நைனா வந்துகீதுன்னு யாரோ சொன்னத கேட்டுட்டான் மேரி," என்று காத்தூன் பீவி மூச்சு வாங்கினாள். "புடிக்கறதுக்குள்ள ஓடியாந்துட்டான்."

வால்டர் நேராகப் போய் அப்பாவின் மார்பில் கொட்டைகளைப் பரப்பினான்.

"டேய்! இன்னாடா பண்றே?"

"கத்தாத சித்தப்பா. தொர தூங்கறாரு," என்றான் வால்டர்.

அடிக்க ஓங்கிய கையோடு ஸ்டானிஸ்லாஸ் அண்ணியைப் பார்த்தான். "வுடு தம்பி," என்றாள் அவள்.

அது பாஸ்கல் கண்டுபிடித்த ஆட்டம். வேலை விட்டு வந்தால் அவனால் உட்காரக்கூட முடியாது. பிள்ளைகளோ மேலே விழுந்து பிடுங்கும். அப்படியே தரையில் மல்லாந்துவிடுவான். "நான் கப்பலு. நீங்க கூலிங்க. ஒண்ணொண்ணா எறக்கணும். உள்ள தொர தூங்கறாரு, சத்தம் வரக்கூடாது." மூச்சுக்கு மார்பு ஏறி இறங்கும், கொட்டைகள் உருளும். அது அலை. இருமல் வந்தால் புயல். சரக்கு தீர்வதற்குள் அவன் ஒரு தூக்கம் போட்டுவிடுவான். முடித்ததும் கூலி உண்டு. குத்தும் தாடியை அவர்கள் கழுத்தில் வைத்துத் தேய்ப்பான். பிள்ளைகள் கத்திச் சிரிக்கும். அடுப்படியிலிருந்து அடைக்கலமேரி, "மறுபடியும் ஏத்துங்கடா, சோறு இன்னும் ஆகல," என்பாள்.

வால்டர் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, கப்பலு ஆடல."

டோரதி கிட்டே போனாள். அப்பாவின் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அடைக்கலமேரி இல்லை என்று தலையை அசைத்தாள்.

டோரதி கையை எடுத்துக்கொண்டாள்.

"கரையாண்ட வந்துட்ச்சுடா. அதான் ஆடல," என்றாள் தம்பியிடம், மெதுவாக. "நீ எறக்கு."

அவள் பாவாடையை ஏந்தினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"முட்ச்சிட்டேன்," என்றான் வால்டர். கழுத்தை நீட்டிக் காத்திருந்தான். "கூலி?"

டோரதி குனிந்து தன் கன்னத்தை அவன் கழுத்தில் தேய்த்தாள்.

"குத்தல," என்றான் அவன். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அழத் தொடங்கினான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வால்டர் சித்தப்பாவின் தோளில் தூங்கிப்போயிருந்தான். காத்தூன் பீவி வாசலில் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தாள். உள்ளே கஞ்சி மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். அடைக்கலமேரி படியில் ஏறாமல் அப்படியே நின்றாள்.

டோரதி குடத்தைச் சாய்த்துச் செம்பில் நீர் பிடித்தாள். உட்கார்ந்து அம்மாவின் பாதத்தில் ஊற்றி, விரலிடுக்கில் இருந்த மணலைத் தேய்த்துவிட்டாள். அடைக்கலமேரி சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கால காட்டும்மா," என்றாள் டோரதி.

அவள் மற்றக் காலை நீட்டினாள்.