திகதி கேட்கும் கட்டம்

கிளிபோட் அண்ணா சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் எது பிழை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கிளிபோட் அண்ணா ஸ்காபரோவில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு கிறிஸ்தவ ஐக்கியம் நடத்துகிறார். நல்ல மனிதர். பசித்த மாணவனைக் கண்டால் முதலில் சோறு, பிறகுதான் வேதம். நான் படித்து முடித்து மென்பொருள் வேலைக்குப் போன பிறகும் அங்கே ஒரு சிறு குழுவுக்குத் தலைவனாக இருந்தேன். வியாழன் மாலை ஏழு மணி, மோர்னிங்சைட்டில் ஒரு கோப்பிக் கடை, மூலை மேசை, ஏழு பேர். வேலையிடத்தில் நான் வாய் திறந்தால் எவனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த மேசையில் ஏழு பேர் கேட்டார்கள். அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால் எனக்கு வாரமே இல்லை.

மாணவர்களின் விபரங்கள் அட்டைகளாக ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தன. யாரை யார் சந்தித்தது என்று யாருக்கும் தெரியாது. "தம்பி மரியோ, உதுக்கொரு போன் அப் செய்து தாருமன்," என்றார் அண்ணா.

விதிகளையும் அவரே சொன்னார். பதிகிறவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட திகதியைப் போட வேண்டும். திகதி உள்ளவர்தான் குழுத் தலைவராகலாம். திகதி இல்லாதவர் 'சந்திக்க வேண்டியவர்கள்' பட்டியலுக்குப் போவார்; அவரைச் சந்திக்க அப் ஓர் ஆளைத் தெரிவுசெய்து அனுப்பும்.

"பன்னிரண்டு வயசுக்கு முந்தின திகதியை எடுக்கக்கூடாது," என்றார். "கைக்குழந்தையில தண்ணி ஊத்தினது கணக்கில்லை."

தலையாட்டிக்கொண்டு அதையும் எழுதினேன். நான் கத்தோலிக்கன். பிறந்து நாற்பதாம் நாள் தலையில் தண்ணீர் வாங்கியவன். அந்த வரியை எழுதும்போது அது என்னுடைய தலைதான் என்று எனக்கு உறைக்கவேயில்லை. சோதித்துப் பார்க்க முப்பது பொய்ப் பெயர்களும் முப்பது பொய்த் திகதிகளும் போட்டேன். எல்லாம் அருமையாக வேலை செய்தது.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை மதியம் வெளியீடு. வகுப்பறையில் நாற்பது மாணவர்கள், பீற்சா, சுவரில் பெரிய திரை. "செய்தவரே முதல்ல பதியட்டும்," என்றார் அண்ணா. எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் போட்டேன். பிறந்த திகதி போட்டேன். அடுத்த கட்டம் வந்தது. விரல் நின்றுவிட்டது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம் நிற்பது? ஞானஸ்நானத் திகதியைத் தட்டினேன். அப் அதைச் சிவப்பாகத் திருப்பி அனுப்பியது. கட்டத்தை வெறுமையாக விட்டு, பட்டனை அமத்தினேன்.

'மரியோ: சந்திக்க வேண்டியவர்' என்று சுவரளவுக்கு எழுத்து விழுந்தது.

சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. அப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். அதற்குள் நாற்பது பேரும் போனில் பதிந்து முடிக்க, அப் தன் பாட்டுக்குத் தலைவனில்லாத என் குழுவைக் கலைத்து, ஏழு பேரையும் இன்னொரு தலைவியான ஷரோனின் குழுவில் சேர்த்துவிட்டது. நான் எழுதிய ஒன்று பிழையே இல்லாமல் ஓடியது அன்றைக்குத்தான்.

எல்லோரும் போன பிறகு அண்ணா என் தோளில் கை வைத்தார். "போன வருசத் தியான முகாமில, அந்த ரிட்ரீற்றில, கிறிஸ்துவை ஏற்கிறவை கை தூக்குங்கோ எண்டேக்க நீர் தூக்கினதைக் கண்டனான். அந்தத் திகதியைப் போடுமன்."

"தூக்கினனான் அண்ணா. ஆனா பக்கத்தில இருந்த ஜனார்த்தன் தூக்கினவன், அதால நானும் தூக்கினனோ தெரியாது."

அவர் முகம் வாடியது. "எனக்கெண்டால் நேரம்கூட ஞாபகம் இருக்கு, தம்பி. வேலை போன அண்டைக்கு, பேஸ்மென்ற் படியில இருந்து அழுதனான். அண்டையிலிருந்து நான் வேற ஆள். உமக்காக விதியை மாத்தினா மற்றவைக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. எனக்குக் கோபமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கலாம் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "நான் எப்பயம்மா கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டனான்?"

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "நீ எங்க ஏற்றுக்கொண்டது? நாங்களெல்லோ உன்னைக் கொண்டுபோய்க் குடுத்தனாங்கள். நீ ஃபாதரைப் பாத்துக் கத்தின கத்து!"

அறைக்குள் போய் அப்பைத் திறந்து, அந்த ரிட்ரீற்றின் திகதியை அடித்தேன். பச்சை விழுந்தது. ஒரு அமத்தில் மேசை, வியாழன், ஏழு பேர், எல்லாம் திரும்பி வந்துவிடும். முப்பது பொய்த் திகதி போட்ட கைதானே? ஆனால் அமத்த முடியவில்லை. அழித்தேன். அப்படியானால் இவ்வளவு நாளும் அந்த மேசையில் இருந்து பேசியவன் யார்?

அடுத்த வியாழன் கால்கள் தம் பழக்கத்துக்குக் கோப்பிக் கடைக்குப் போயின. மூலை மேசையில் தனியே இருந்தேன். ஏழு மணிக்கு நிலாணி வந்தாள். மில்லிக்கனில் ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளை, இரண்டாம் வருடம். என் ஏழு பேரில் ஆக அமைதியானவள்.

"சொறி மரியோ அண்ணா. அப் உங்களை எனக்கு அசைன் பண்ணியிருக்கு. உங்கட பழைய குழுவின்ர நேரமும் இடமும்தான் போட்டிருக்கு."

"தெரியும். இரு."

அவள் போனைப் பார்த்து வாசித்தாள். "'நீங்கள் கிறிஸ்துவை எப்போது ஏற்றுக்கொண்டீர்கள்?' ஐயோ, இது சரியான வியேர்டா இருக்கு."

"தெரியாது," என்றேன். "சின்னனிலயிருந்து அம்மாவோட செபமாலை சொல்லுறன். எப்ப தொடங்கினது எண்டு தெரியாது. தொடங்கினதோ எண்டே இப்ப தெரியேல்ல." பேச்சை மாற்றினேன். "நீ என்ன திகதி போட்டனீ?"

"ஃபெப்ரவரி பதின்மூண்டு."

"அண்டைக்கு என்ன?"

"ஸ்நோ கொட்டினது. ஒருத்தரும் வரேல்ல, நீங்களும் நானும்தான். அப்பா ஐ.சி.யூ.வில இருந்தவர். நான் இதிலதான் இருந்து அழுதனான். நீங்க ஒரு சூப் வாங்கித் தந்திட்டு, பஸ் வருமட்டும் பேசாம இருந்தீங்க."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒரு வேதவசனம்கூடச் சொல்ல வரவில்லையே, இவன் ஒரு தலைவனா என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன நாள். வீணாய்ப்போன வியாழன் என்று எண்ணியிருந்தேன்.

நிலாணி போனை என் பக்கம் திருப்பினாள். "மூண்டு பட்டன் இருக்கு. 'ஏற்றுக்கொண்டார்', 'ஆர்வமில்லை', 'வேறொருவரை அனுப்பவும்'. எதை அமத்துறது?"

மூன்றையும் பார்த்தேன். மூன்றும் நானே எழுதியவை.

"ஒண்டையும் அமத்தாட்டி என்ன நடக்கும்?" என்று அவளே கேட்டாள்.

"அடுத்த வியாழன் ஏழு மணிக்குத் திரும்பவும் உன்னை அனுப்பும். அமத்துமட்டும் ஒவ்வொரு வியாழனும் அனுப்பும்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"உங்களுக்கு என்ன சூப் அண்ணா?"

"சிக்கன்," என்றேன்.