பட்டியலில் இல்லாத கார்

போத்தலின் முன்பக்கத்தில், எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில், எந்தெந்த வாகனம் என்று பொடி எழுத்தில் நீளமான ஒரு பட்டியல். முன்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால், நானும் ஏமாந்தவள் என்று சொல்லி இன்றைக்குத் தப்பியிருப்பேன். நான் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன்.

என் பெயர் யசோதரா. திருகோணமலை உட்துறைமுக வீதியில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். கணவர் போன பிறகு ஒன்பது வருடமாக நான்தான் நடத்துகிறேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கடைக்காரர் இல்லையா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ரோசத்தில் எனக்கு ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. கடையில் எதற்கும் 'இல்லை' என்று சொல்ல மாட்டேன். பொம்பிளை நடத்துகிற கடையில் ஒன்றும் கிடையாது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. கேட்ட சாமான் இல்லாவிட்டால் அதற்குக் கிட்ட வரக்கூடிய ஒன்றை எடுத்து மேசையில் வைப்பேன். பெரும்பாலும் அது சரியாகவே போயிருக்கிறது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் இன்பாஸ் நானா கடைக்கு வந்தார். றிஷானாவின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். றிஷானாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள். என் கணவர் செத்த கிழமை முழுக்க என் பக்கத்தில் படுத்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, என் முடியைச் சீவிவிட்டவள் அவள்.

"கார் எண்ணெய் மாத்தோணும் தங்கச்சி. கியர் பெட்டிக்குப் போடுறது" என்றார்.

அவருடைய கார் சின்ன ஜப்பான் கார். அதன் கியர் பெட்டிக்குள் வழக்கமான பற்சக்கரங்கள் கிடையாது. இரும்புப் பட்டி ஒன்றுதான் இரண்டு சில்லுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றும். அந்தப் பட்டி வழுக்காமல் பிடிப்பதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் நாட்டில் டொலர் இல்லை, இறக்குமதி இல்லை. எங்கள் ஊர்ச் சீனன்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள் இருந்தும் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். அந்தத் தனி எண்ணெய்க்கு நான் எங்கே போவது?

பொது எண்ணெய் நாலு போத்தல் இருந்தது. பழைய ஓட்டோமற்றிக் கார்கள் பலவற்றுக்கு அதைக் கொடுத்திருந்தேன், ஒருவரும் குறை சொல்லி வரவில்லை. அவற்றுக்கு அது பொருந்தும், அதில் பொய் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். இன்பாஸ் நானாவின் கார் அதில் இல்லை.

"இது போடலாமா?" என்றார்.

"ஓம் நானா. எல்லாத்துக்கும் பொருந்தும் எண்டுதானே எழுதியிருக்கு."

ஆடியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு றிஷானா எனக்குப் போன் எடுத்தாள். மாத்தளையில் தம்பியோடு இருந்த அவளுடைய உம்மா விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். நான் கடையைத் திறக்காமல் ஜமாலியாவிலுள்ள அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அவர்களிடத்தில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே அடக்கம். பின்னேரம் அசர் தொழுகை முடிய எடுப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். சேர்த்து வைத்த பெற்றோலை இன்பாஸ் நானா காருக்குள் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"வேற வாகனம் ஒண்டு கேட்டுப் பாப்பமா? தூரம்" என்றாள் றிஷானா.

"இந்த நாளில எவன் தருவான்? நம்மட கார் நல்லாத்தான் இரிக்கி. எண்ணெயும் மாத்தித்தானே வெச்சிரிக்கன்."

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பட்டியல் என் கண்ணுக்குள் வந்தது. நாலு மாதம் ஓடியிருக்கிறது, இன்னும் நாலு மணித்தியாலம் ஓடாதா என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்ப் போத்தலை, ஏறி இருந்த றிஷானாவின் மடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கந்தளாய் தாண்டிக் காட்டு வழியில் கார் நின்றது. எஞ்சின் இரைந்தது, சில்லு சுற்றவில்லை. பட்டி வழுக்கி, உள்ளே எல்லாம் தேய்ந்து போயிருந்தது. அந்தப் பாதையில் பஸ்ஸும் இல்லை, ஆட்களும் இல்லை. யானை கடக்கிற இடம் என்று காருக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். மூன்று மணித்தியாலம் கழித்து ஒரு நெல் லொறி ஏற்றிப் போய்த் தம்புள்ளையில் இறக்கிவிட்டது. பிறகு ஓட்டோ. மாத்தளைக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டு மக்ரிப் பாங்கும் சொல்லிவிட்டது. பள்ளிவாசல்காரர்கள் அவளுக்காக ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்களாம். உம்மாவைக் குளிப்பாட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்ததாம். அந்த ஈரத்தைத்தான் அவள் கண்டாள்.

திரும்பி வந்தவள் கணவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைப்பாள். தேவையான கதையெல்லாம் மகள் அசனா வழியாகத்தான். நான் வந்தால் மட்டும் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்த மனிசன் காரைப் பாக்காம விட்டுட்டார் யசோ" என்று அழுவாள். நான் அவளைத் தடவிக்கொடுப்பேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல எனக்கு இருக்கும். வாய் மட்டும் திறக்காது.

உம்மாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அடுத்த நாள் இன்பாஸ் நானா கடைக்கு வந்தார். கழற்றி விற்ற பழைய கியர் பெட்டி ஒன்று எப்படியோ கிடைத்திருந்தது.

"சரியான எண்ணெய் வந்திரிக்கா தங்கச்சி?" என்றார்.

'சரியான' என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எண்ணெய்தான் பிழை என்று கராஜ்காரன் சொல்லியிருக்கிறான்.

"றிஷானாட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"உங்களோட அவள் கதைக்கிறதே இல்ல நானா. சொல்லுறதுக்கென்ன?"

அவர் மேசையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "உம்மாவும் போயிட்டாங்க. இப்ப நீங்களும் இல்லையெண்டா அவளுக்கு ஆரு இரிக்கா? என்னோட கோவிச்சா கோவிச்சிட்டுப் போகட்டும். சொல்லாதீங்க."

அந்த மனிதருக்கு முன்னால் எனக்கு நிற்கவே வெட்கமாக இருந்தது. "அந்த எண்ணெய் இல்லை நானா" என்றேன். அந்தச் சொல்லை என் கடையில் நான் சொன்னது அதுதான் முதல் தரம். ஐந்து மாதம் பிந்திவிட்டது.

பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு ஜமாலியாவுக்குப் போனேன். இன்பாஸ் நானா பின்வளவில் நின்றார். றிஷானா கதிரையில் உட்கார்ந்து, உம்மா தலையில் போடுகிற முந்தானை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"பின்பக்கத்தை நீ வாசிச்சனியா?"

"வாசிச்சனான்."

"எங்கட கார்ட பேர் இருந்ததா?"

"இல்ல."

"அண்டைக்குக் காலமை கதவடியில நிண்ட நேரம் உனக்கு இது நினைவில இருந்ததா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்தது" என்றேன்.

அவள் அழவில்லை. "போனில முகத்தைக் காட்டுறன் எண்டு தம்பி சொன்னவன்" என்றாள். "நான்தான் வேணாமெண்டன். நேர வந்து பாக்கிறன், கார் ஓடிக்கொண்டுதானே இருக்கு எண்டனான்."

முந்தானையை மடித்து முடித்து வைத்தாள். எழுந்து குசினி வாசலுக்குப் போய்ப் பின்வளவைப் பார்த்தாள்.

"அசனாட வாப்பா," என்றாள், "சோறு போடவா?"

"போடுங்க" என்று அவர் சொன்னது கேட்டது.

நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறன் றிஷானா" என்றேன். முப்பது வருடமாக அதற்கு அவள், "ஓம், வா" என்று சொல்லுவாள். அலுமாரி திறந்து பீங்கான் தட்டு எடுக்கிற சத்தம்தான் கேட்டது. நான் கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை.