நூல்கண்டு நின்ற நான்கு நிமிடம்

தையல்காரியின் மூன்று வயது மகள் கடை வாசலைத் தாண்டிய நான்காவது நிமிடத்தில், முப்பத்தொரு கிலோமீட்டருக்கு அப்பால், லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் பதினொன்றரைக் கிலோவாக நின்றுகொண்டிருந்தாள். வெளியே லாரி எதுவும் இல்லாமல் முள் அசைவதைப் பார்த்த எடைமேடைக்காரர், மேடை கெட்டுவிட்டதென்று அலுத்துக்கொண்டே எழுந்து வந்தார். குழந்தையின் காலில் செருப்பில்லை, பாதத்தில் தூசியும் இல்லை. இடுப்பில் நீல நூல் ஒன்று கட்டியிருந்தது; அதன் மீதியைப் பந்தாகச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கழுத்துப்பட்டியின் உள்பக்கம் தையல்கடையின் சீட்டு, அதில் தொலைபேசி எண். தான் தைக்கும் எல்லாத் துணியிலும் சீட்டு வைப்பவள், மகள் சட்டையில் மட்டும் விட்டுவிடுவாளா? பேருந்தில் அந்த இடத்துக்கு ஐம்பது நிமிடம் ஆகும், அதுவும் பேருந்து ஒழுங்காக வந்தால்.

நூல் கட்டும் ஏற்பாடு தையல்காரியே யோசித்துச் செய்தது. கடை நேராகத் தெருவில் திறக்கும். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன், பத்து நாளைக்கு ஒருமுறை தலை காட்டுவான். குழந்தை நடக்கப் பழகிய நாளிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை. எனவே மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து, அதில் நூல்கண்டை மாட்டி, நுனியைக் குழந்தையின் இடுப்பில் கட்டினாள். கண்டு மெல்லச் சுற்றினால் குழந்தை வாசலில் விளையாடுகிறது. வேகமாகச் சுற்றினால் எழுந்து ஓட வேண்டும். நின்றால் எங்கோ உட்கார்ந்துவிட்டது. தலையைத் தூக்காமலேயே பிள்ளை வளர்க்கிறாளே என்று தெருவே மெச்சியது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது, தைத்து முடிக்க நாற்பது சீருடைப் பாவாடைகள் இருந்தன. பாவாடையும் நீலம், மெஷினில் ஓடிய நூலும் நீலம், ஆணியில் சுற்றிய கண்டும் நீலம். ஒரு விளிம்பைத் தைத்து முடித்ததும் தையல்காரரின் கை தானாகக் கத்தரியை எடுக்கும், பக்கத்தில் தொங்கும் நூலை வெட்டும், கத்தரியை வைக்கும். மூளையைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. அவள் கையும் அப்படித்தான் வெட்டியது. ஒரு நூலுக்குப் பதில் இரண்டு. கண்டு நின்றது. அப்பாடா, எங்கோ உட்கார்ந்துவிட்டாள் என்று தையல்காரி நிம்மதியாக அடுத்த பாவாடையை எடுத்தாள். பிற்பாடு அவளை எதையும்விட அதிகமாக அரித்தது அந்த நிம்மதிதான்.

பாவாடை பாதியில் இருக்கும்போது என்னவோ போலிருந்தது. திரும்பினால், வெட்டுப்பட்ட நுனி தரையில் கிடந்தது. வாசலில் குழந்தை இல்லை. தெருவின் இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியிலும் இல்லை. எதிர்க்கடைக் கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்சோடு எழுந்து வந்தார். "நூல் ஓடிட்டிருந்துச்சேக்கா, அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு நான் தலையே தூக்கல" என்றார். அவர் கடையில் அன்று ஒழுங்காக ஓடிய பதினோரு கடிகாரங்களும் ஒன்றுபோலச் சொன்னபடி, நூல் அவர் கண்ணில் கடைசியாக அசைந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. தையல்காரி எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். அப்போதுதான் கடைக்குள் தொலைபேசி அடித்தது.

குழந்தை அன்று மாலையே வீடு வந்து, பால் குடித்துத் தூங்கியது. நான்கு நிமிடத்தில் முப்பத்தொரு கிலோமீட்டர் எப்படி என்று ஊர் அவ்வளவாகத் துருவவில்லை. பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும், கண்ணை எடுத்தால் அவ்வளவுதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் துருவியது வேறு கேள்வியை. "நீ அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று புருஷன் கேட்டான், மாமியார் கேட்டாள், பாவாடை வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். தைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். வெட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கத்தரியை எட்டாத பரணில் வைத்தாள்; தைக்க வேண்டிய துணியை அடுத்த தெருக் கடையில் கொடுத்து வெட்டி வாங்கினாள். அவள் தைத்த துணியெல்லாம் வால் வாலாக நூல் தொங்கியபடி வீடுகளுக்குப் போயின. வாங்கியவர்கள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கையில், ஆணியில் இருந்த கண்டு சுற்ற ஆரம்பித்தது. நூல் வாசற்படியைத் தாண்டி, கடிகாரக்கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பிப் போயிருந்தது. வேகம் மூன்று வயதுக் குழந்தையின் நடை. தையல்காரி மகளின் மூக்கில் விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள், திரும்பக் கண்டைப் பார்த்தாள், அந்த நான்கு நிமிடத்தில் தொலைந்தவள் முழுதாக வந்து சேரவில்லை என்று புரிந்துகொண்டாள். தீரும் முன் அதன் நுனியோடு இன்னொரு நீலக் கண்டை முடிந்தாள். அதன்பின் இருபத்து நான்கு வருடம் முடிந்துகொண்டே இருந்தாள். தெருவில் வண்டிகள் போயின, நூல் அறவில்லை. தெருக்கூட்டுபவர் அதைத் துடைப்பத்தால் தூக்கிவிட்டுக் கூட்டினார். மதியம் ஒரு மணி நேரம் கண்டு நிற்கும். தூங்குகிறாள் என்று தையல்காரியும் மெஷினை நிறுத்துவாள். மழை வந்தால் கண்டு தறிகெட்டுச் சுற்றும். எங்கே நனைகிறாளோ என்று அவளுக்குச் சோறு இறங்காது. இதற்கிடையே மகள் படித்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், அம்மாவைவிட உயரமானாள்.

தையல்காரிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மருத்துவமனைக்குப் போகுமுன் மகளை ஆணியருகே உட்காரவைத்தாள்.

"தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த கண்டை முடிஞ்சிடணும். பக்கத்துல கத்தரி இருக்கக் கூடாது."

"ஏம்மா?"

"அன்னைக்கு நூலை நான்தான் வெட்டினேன். பாவாடை நூல்னு நெனச்சு. யார்கிட்டயும் சொல்லல, உங்கப்பாகிட்டகூட."

மகள் கண்டின் பக்கம் திரும்பினாள். "தொலைஞ்சவ நான்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. நான் எங்க விளையாடினாலும் நூலை ஒரு தடவ இழுத்துப் பாப்பேன். இந்தப் பக்கம் நீ இருந்தா இறுக்கமா இருக்கும். அன்னைக்கு இழுத்தேன், அத்தனையும் கைக்கே வந்துடுச்சு. நீதான் எங்கயோ போயிட்டேன்னு நெனச்சேன். உன்னத் தேடித்தாம்மா போனேன்."

தையல்காரி ஓடும் நூலைக் காட்டினாள். "அப்ப இவளும்?"

"இவளும் உன்னத்தான் தேடறா. இத்தன வருஷத்துல நீ ஒரு தடவையாச்சும் இழுத்துப் பாத்தியா?"

"அறுந்துட்டா என்ன செய்வேன்?"

மகள் அம்மாவின் கையை எடுத்து நூலில் வைத்து, சேர்ந்து ஒருமுறை மெல்ல இழுத்தாள். கண்டு நின்றது. சற்றுப் பொறுத்து, அந்தப் பக்கமிருந்து இரண்டு சிறிய இழுப்புகள் வந்தன. பிறகு நூல் தொய்ந்தது. வாசற்படிக்கு வெளியே தெருவெல்லாம் தளர்ந்து கிடக்க, மகள் அதை வெற்றுக்கண்டு ஒன்றில் சுற்றத் தொடங்கினாள்.

போன வேகத்திலேயே திரும்பினால் வந்துசேர இன்னும் இருபத்து நான்கு வருடம் ஆகும் என்று கடிகாரக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது தனக்கு எழுபத்தேழு, பரவாயில்லை, சமாளித்துவிடலாம் என்றாள் தையல்காரி. கண் சரியானதும் முதல் வேலையாகப் பரணிலிருந்து கத்தரியை இறக்கினாள். வருகிறவளுக்கு மாற்றிக்கொள்ள ஒரு சட்டை வேண்டுமே என்று துணியை விரித்து வெட்டினாள். அளவுச்சட்டை எதுவும் தேவைப்படவில்லை.