பெயரில்லாத வளைவுக்கு ஒரு மீன்வலை

என் புருஷன் கம்சிங் வடக்கேயிருந்து பைக்கில் திரும்பி வந்தபோது பைக் முழுசாக வந்தது. ஆள்தான் முழுசாக வரவில்லை.

கம்சிங் என்றால் தாகேக் ஆற்றங்கரை முழுக்க வாயாடி என்று பெயர். எங்கள் நூடுல்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் சூப்புக்கு வருவார்கள், பாதிப் பேர் அவருடைய சிரிப்புக்கு வருவார்கள். அவர் சிரித்தால் மேக்கோங் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்று என் தம்பி தூலா கேலி செய்வான். அந்த மனிதர் தன் சித்தப்பா மகனிடம் ஒரு பழைய பைக்கை வாங்கிக்கொண்டு வர வடக்குக் கோடியில் இருக்கிற மூவாங் குவாவுக்குப் பஸ்ஸில் போனார். திரும்பும்போது எல்லோரையும் போல நல்ல ரோட்டில் வந்திருக்கலாம். எவன் சொன்னானோ, ஆளில்லாத மலை ரோட்டில் சுற்றிக்கொண்டு தனியாக வந்தார்.

வந்த நாள் முதல் பேச்சு நின்றுபோனது. கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். கடை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முகம் ஆற்றுப் பக்கம் இருக்கும், கண் ஆற்றில் இருக்காது. சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுக்கொடுத்தேன், வேண்டுமென்றேதான். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் நல்லா இருக்கிறது, நெஞ்சு நல்லா இருக்கிறது என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்டு மீன் கடை தொங்சாய் அக்கா வந்தாள். கம்சிங்கின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தாள்.

"இது மாத்திரை சமாச்சாரம் இல்லடி தாவோன். குவான் ஒண்ணு கழண்டுபோச்சு. எங்கயோ வழியில நின்னுக்கிட்டு இருக்கு."

ஓர் உடம்புக்கு முப்பத்திரண்டு குவான், அதாவது முப்பத்திரண்டு சின்ன உயிர். ஆள் பயந்தால், விழுந்தால், அதில் ஒன்று அந்த இடத்திலேயே நின்றுவிடும். உடம்பு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கும், அவ்வளவுதான். நின்றுபோனதைப் போய்த்தான் அழைத்துக்கொண்டு வர வேண்டும். வேண்டியவர்கள் யாராவது அந்த இடத்துக்கு ஒரு கைவலையும் தொலைத்தவருடைய சட்டையும், அவித்த முட்டையும், ஒரு பிடி ஒட்டுச் சோறும் கொண்டுபோய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, காற்றை வலையால் அள்ளி, சட்டையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "வந்துட்டேன்" என்று குவானுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் நான் மாமரத்திலிருந்து விழுந்தபோது எனக்கும் இப்படி அள்ளியிருக்கிறார்கள்.

"எங்க விழுந்தாருன்னு கேளு. அங்க போய் அள்ளிட்டு வந்துரலாம்" என்றாள் தொங்சாய் அக்கா.

"எங்கய்யா விழுந்தீங்க?"

"விழல."

"புலி கிலி பாத்துப் பயந்தீங்களா?"

"பயப்படல."

"அப்ப எங்கதான் விட்டுட்டு வந்தீங்க?"

முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தொங்சாய் அக்கா பெருமூச்சு விட்டாள். இடம் தெரியாமல் வலையைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்க அள்ள முடியாது என்றாள்.

ஏன் முடியாது? எனக்குக் கோபம் வந்தால் புத்தி வேலை செய்யும். அவர் வந்த ரோட்டிலேயே திரும்பிப் போவது, ஒவ்வொரு ஊராக நின்று அள்ளுவது என்று முடிவு செய்தேன். நான் பாக்சானுக்கு வடக்கே போனதே கிடையாது. தூலா பைக் மெக்கானிக். அவன் ஓட்டுவான், நான் பின்னால் வலையோடு உட்காருவேன்.

மதியக் கூட்டம் போனதும் கடை மேசையைத் துடைத்து, வழியைப் போட்டுப் பார்த்தோம். தூலாவின் போனில் இருந்த மேப்பில் பாதி வழிக்கு மேல் வெறும் பச்சையாக இருந்தது. அதை நம்பாமல் மீன் சாஸ் புட்டியை பாக்சான் என்று வைத்தேன். எலுமிச்சம்பழம் தாத்தோம். சோற்றுக் கூடை போன்சவான். மிளகாய் ஜாடி நாம் நெர்ன் ஊர். அதற்கு அப்பால் மலைமேல் மூவாங் ஹியாம், அதற்குச் சூப்புக் கரண்டியை வைத்தேன்.

"ஒவ்வொரு ஊர் பேரையும் சத்தமாச் சொல்லு. எதுக்கு முகம் மாறுதுன்னு நான் பாக்கறேன்" என்று தொங்சாய் அக்கா என் காதில் சொன்னாள்.

சொன்னோம். வாசலில் அவர் முதுகுகூட அசையவில்லை. தூலா கடைசியில் மிளகாய் ஜாடியில் விரலை வைத்தான்.

"இங்க ரோடு பிரியுது. வலது பக்கம் திரும்பணும்."

"இடது" என்றார் கம்சிங்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் கேட்காமல் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் தூலாவின் காலை மேசைக்கடியில் மிதித்துவிட்டு, வேண்டுமென்றே அளந்து விட்டேன்.

"போன்சவான்ல நல்ல வெயிலாம். மெல்லிசு சட்டை போதும்."

"பனி கொட்டும். கம்பளி எடுத்துக்க."

"நாம் நெர்ன் தாண்டுனா பெட்ரோல் பங்க் வரிசையா இருக்குமாம், தூலா."

"யாரு சொன்னது? ஒண்ணும் கிடையாது. மலைமேல மோங் ஆளுங்க வீட்டு வாசல்ல பாட்டில்ல ஊத்தி வெச்சிருப்பாங்க. அதுவும் எல்லா வீட்லயும் இருக்காது."

"அப்ப வழியில இறங்கி ஜாடியெல்லாம் பாக்கலாம். ஆளு உயரத்துக்கு இருக்குமே, அந்தப் பழங்காலத்துக் கல்லு ஜாடி. புல்லுல நடந்து போனா குறுக்கு வழியாம்."

இதற்கு அவர் முக்காலியோடு எழுந்து வந்துவிட்டார். "புல்லுல கால வைக்காத. பழைய சண்டையில போட்ட குண்டு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. குண்டு எடுத்த எல்லைக்குக் கல்லு நட்டிருப்பாங்க. சிவப்புக் கல்லத் தாண்டாத, வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கமா நட." எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக நகர்த்தினார். "தாத்தோம் இங்க இல்ல. இவ்ளோ கிட்டத்துல இல்ல."

அதன் பிறகு மேசை அவருடையதாகிவிட்டது. ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். தாத்தோம் போகும் வழியில் இரண்டு பக்க மரமும் மேலே சேர்ந்து, நடுப்பகலிலும் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டுமாம். ஓடை குறுக்கே போகும் இடத்தில் ஈர மணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் படுத்திருக்குமாம், சக்கரம் பட்டதும் அத்தனையும் எழும்பி ஆளை மூடிவிடுமாம். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றார். சொல்லும்போது குரல் தாழ்ந்துகொண்டே போனது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த அடுப்பிலேயே வெந்து, இதெல்லாம் நம் நாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். பின்னால் சூப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

மிளகாய் ஜாடிக்கும் கரண்டிக்கும் நடுவில் அவர் கை நின்றது.

"இங்க ஒரு வளைவு" என்றார்.

"என்ன ஊர்?"

"ஊரில்ல. பேரில்ல. வளைவு. விடியக்கால அங்க வந்தேன். எஞ்சின அணைச்சேன். அவ்ளோதான்."

"அங்க என்னய்யா இருந்துச்சு?"

கரண்டியை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "எனக்குச் சொல்ல வரல தாவோன். பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கை வரல. அங்கயே இருந்துரலாம்னு இருந்துச்சு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பசிச்சுது."

தூலா சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இடையில் வந்தது இன்னொருத்தியாக இருந்திருந்தால் நேரே போய் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். மலையை என்ன செய்வது? அவர் பயந்து தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தோஷமாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். அங்கே அவர் இருக்கிறார், இங்கே அவருடைய உடம்புக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேர் இல்லாத வளைவை எங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அவர்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தொங்சாய் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"குவானத் தொலச்சவன அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? ஒண்ணு நின்ன எடத்துல மிச்சமும் நின்னுச்சுன்னா, நீ கட்டைய ஏத்திக்கிட்டுத்தான் வருவ."

"நான் பின்னாடி உக்காந்து இடுப்பப் பிடிச்சுக்கறேன் அக்கா."

"இடுப்பப் பிடிச்சா குவான் நிக்குமா?"

ஆனாலும் கிளம்பும் காலையில் அவளே வெள்ளை நூல் கொண்டுவந்து, மிச்சக் குவான் நழுவாமல் இருக்க அவர் இரண்டு மணிக்கட்டிலும் கட்டினாள். அவளுடைய மீன் வலையைத்தான் கொடுத்தாள், கழுவித்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்தாள். தூலா அதை என் முதுகில் நிமிர்த்திக் கட்டினான். நாங்கள் முன்னால், அவன் இன்னொரு பைக்கில் பின்னால். வழி நெடுக ஊர்க்காரர்கள் எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் முறைத்துக்கொண்டே வந்தேன்.

மரங்கள் சேர்ந்த ரோடு அவர் சொன்னபடியே இருந்தது. மஞ்சள் பூச்சிகளும் இருந்தன. நான் வாயை மூட மறந்துவிட்டேன். போன்சவானில் பல் கிடுகிடுத்தது. அவர் ஓட்டினார், தேவைப்பட்டதைச் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. நான் என்ன உளறினாலும் சிரிக்கவில்லை. நாம் நெர்னில் தங்கிவிட்டு, வெளிச்சம் வருவதற்கு முன்பே மலை ஏறினோம். பனியில் முன் சக்கரம்கூடத் தெரியவில்லை. இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த முப்பத்தொன்றையாவது விட்டுவிடாதே என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாச் சாமியிடமும் கேட்டேன்.

ஒரு வளைவில் எஞ்சினை அணைத்தார். "இதுதான்."

ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. நான் சரசரவென்று வேலையில் இறங்கினேன். சட்டையை விரித்தேன், முட்டையை வைத்தேன், சோற்றை வைத்தேன். வலையை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய், "கம்சிங்கோட குவானே" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

பனி இறங்கியது. மேலேயிருந்து இல்லை, என் காலடியிலிருந்து கீழே இறங்கியது. நான் நின்றது ரோடு இல்லை, வானத்தின் ஓரம். கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேகம், அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மலைகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, முடிவே இல்லை. அப்போது மேகத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கிப்பன் குரங்குதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் உயர்ந்து உயர்ந்து போனபோது, இன்னொன்று அதற்குப் பதில் சொன்னபோது, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் எங்கேயோ தொட்டது. அத்தனை வெள்ளையும் சிவந்தது.

நான் எதற்கு முன்னாலும் வாயடைத்து நின்றவள் இல்லை. ஆபீசர் வந்தாலும் பேசுவேன், பிணத்துக்கு முன்னாலும் பேசுவேன். அன்றைக்குப் பேச்சு வரவில்லை. வந்த காரியம் மறந்துவிட்டது. கடை மறந்துவிட்டது. இவ்வளவு பெரிசா, இவ்வளவு நாளும் இது இங்கேயே இருந்ததா, நான் இல்லாமலே தினமும் இப்படி விடிந்துகொண்டிருந்ததா என்று மட்டும் தோன்றியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. வலை கையிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியாது.

"தாவோனோட குவானே, வா."

யாரோ என் பேரைச் சொல்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

"தாவோனோட குவானே, வா. மலையில நிக்காத. மேகத்துல இறங்காத. வீட்டுக்குப் போலாம் வா. சூப் பொங்குது. நீ இல்லாம உப்பு யாரு பாக்கறது? ரெண்டு தரம் போட்டுருவாங்க."

கம்சிங் வலையைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு முன்னால் காற்றை அள்ளிக்கொண்டிருந்தார். மலையின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தாவோன். நீ வராம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

பதில் சொல்ல வேண்டும், தெரியும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் முடிந்தது. ஆனால் கிப்பன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"இருய்யா. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தொண்டையிலிருந்து கிளம்பி வயிறு குலுங்குகிற, ஆற்றைத் தாண்டுகிற அதே சிரிப்பு. எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. கிப்பன்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டன.

"அக்கா, மாமா சிரிக்கிறாரு" என்று பின்னாலிருந்து தூலா மெதுவாகச் சொன்னான்.

எனக்குக் காது கேட்கும். நான் திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்" என்றேன்.