வாங்கிப் போகாத கோட்டு

ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபோது கடை போன் அடிக்கத் தொடங்கியது. கம்பளிக் கோட்டில் பெட்டியை வைத்துவிட்டு நடுவில் போகக் கூடாது; போனால் கோட்டும் போய்விடும். அவர் கோட்டின் அந்தக் கையை நிதானமாக முடித்து, காலரைத் தட்டி நிமிர்த்தி, கம்பியில் மாட்டினார். மனைவி அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதாக இருந்தது. "வரும்போது இதைப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன், மடிப்பு கலையாம வெச்சிருங்க" என்று கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவரும் வழக்கம்போல அவளிடம் டோக்கன் கிழித்துக் கொடுத்திருந்தார்.

போனை எடுத்தார். மறுமுனையில் மகள். "அப்பா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

ஊருக்கு அவர் டோக்கன்காரர். பாதி டோக்கன் துணியில், பாதி வாடிக்கையாளர் கையில். அந்தப் பாதி வராமல் இந்தப் பாதி நகராது. பெற்ற தாய் வந்தாலும் இதுதான் சட்டம். இளவயதில் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குத் துணியைத் தர மறுத்து, பெரிய சண்டையாகி, கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு தன்னையே கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தத் துணியையாவது கொடுத்தீர்களா என்று யாராவது கேட்டால், "டோக்கன் எங்க?" என்பார்.

மனைவியின் இறுதிச் சடங்கிலும் அவர் உடையவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களின் கசங்கிய சட்டையைத் தடவி, "இதை யார் தேய்ச்சது, நம்ம எதிரியா?" என்றார். வந்தவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. மனுஷன் தாங்கிக்கிட்டார் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

அவரும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். கடையைத் திறந்தார், மூடினார். வீட்டில் அவளுடைய அலமாரியை மட்டும் திறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். முதல் வருடம் எல்லோரும் பொறுத்துப் போனார்கள். இரண்டாம் வருடம், "இன்னுமா?" என்றார்கள். மூன்றாம் வருடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அது அவருக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமைதோறும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தக் கோட்டை எடுத்துத் தேய்த்து மாட்டுவார். தூசி படிந்துவிடக் கூடாதல்லவா. ஒரு வருடம் வரை வாங்கிப் போகாத துணிக்குக் கடை பொறுப்பல்ல என்று அவரே எழுதி மாட்டிய போர்டு எதிரில் தொங்கியது. ஆகவே வருடம் முடிவதற்குள் பழைய டோக்கனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று குத்துவார். சட்டப்படி அது நேற்று வந்த துணி.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மகளும் மச்சானும் குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தார்கள். மச்சான், மனைவியின் தம்பி.

"அப்பா, திங்கட்கிழமை அவங்களைப் பார்க்கப் போறோம். நேரம் வாங்கிட்டேன்."

"எவங்களை?"

"சொன்னேன்ல. மனசு விட்டுப் பேசுறதுக்கு. டாக்டரம்மா."

"பேசுறதுக்கு டாக்டர் எதுக்கு? உன் மாமா இருக்காரே, வாயை மூடவே மாட்டாரு."

"என்கிட்ட பேசி எவனும் தேறினதில்ல அத்தான்" என்றார் மச்சான். "வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க."

"எனக்கு என்ன குறை? வேலை செய்றேன், ஜோக்கு அடிக்கிறேன்."

"உங்க ஜோக்கு நல்லா இல்லப்பா. எப்பவுமே நல்லா இருந்ததில்ல. அம்மா சிரிச்சாங்க, அவ்வளவுதான்."

அவர் ஈரத்துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் மிச்சமில்லை.

"நாங்க வீடு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது வந்தீங்களா?"

"வர்றேம்மா. அவ வந்ததும் ரெண்டு பேருமா..."

மச்சான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்து கம்பியிலிருந்த கோட்டை எடுத்தாள். மேஜை விளக்கின் கீழே பிடித்தாள்.

கருநீலக் கம்பளி விளக்கொளியில் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. இரண்டு கைகளும், காலர் விளிம்பும், பாக்கெட்டின் மூடியும். முழங்கை மடிப்பில் நூல் தேய்ந்து விளக்கின் வெளிச்சம் ஊசி ஊசியாக இந்தப் பக்கம் வந்தது.

"எந்த மடையன் இதை இப்படி..." என்று ஆரம்பித்தார் அவர். நாற்பது வருடத் தொழிலில் ஊறிய கோபம்; வாய் தானாகப் பேசிவிட்டது.

அந்தக் கோட்டைத் தேய்ப்பவர் அவர் ஒருவர்தான்.

ஈரத்துணி போட்டுத்தான் தேய்த்தார். ஆனாலும் கம்பளிக்கு ஒரு அளவு இருக்கிறது; மீறித் தேய்த்தால் மினுங்கிப் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே அவர் சொல்வது அதுதான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின, சத்தம் பிறகுதான் வந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். மச்சான் இரண்டாவது ஷூவுக்குப் போனார்.

வெகுநேரம் கழித்து மகள், "இது சரியாகுமாப்பா?" என்றாள்.

"ம்ஹூம். பளபளப்பு விழுந்தா போகாது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே போட்டுக்க வேண்டியதுதான்."

"நான் போட்டுக்கட்டுமா?"

"டோக்கன்?" என்றார், பழக்கத்தில்.

அவள் வெறும் கையை விரித்துக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலரில் குத்தியிருந்த பாதியை ஊக்கோடு கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டை விரித்துப் பிடித்தார். அவள் கைகளை நுழைத்தாள். கோட்டின் தோள் சற்றே இறங்கி நின்றது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவின் முன்னறையில், மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் எண் எழுதிய சிறிய அட்டை ஒன்றை நீட்டினாள். "கூப்பிடும்போது இதைக் காட்டுங்க. தொலைச்சிடாதீங்க சார்."

மச்சான் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். மகள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பு பலர் கைபட்டு மழுங்கியிருந்தது. சட்டைப் பையில் போடப் போனவர், அங்கே ஏற்கெனவே கோட்டின் பாதி டோக்கன் இருப்பது விரலில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

அட்டையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, மகள் போட்டிருந்த கோட்டின் தேய்ந்த அந்த முழங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.