மழையில்லாமல் ஓடிய வைப்பர்

ஹெட்லைட்டைப் போட்டதுதான் தாமதம், பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே வைப்பர் இரண்டும் எழுந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தன. நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன, டக்கென்று திறந்துகொண்டன. ஹாரன் ஒரு தரம் குரைத்துவிட்டு அடங்கியது.

"பாத்தியா பெரியப்பா," என்றான் டாக்ஸி ஓட்டுகிற ராமராஜன், ஸ்டியரிங்கை விடாமல். "வேகமாப் போனா ஒண்ணும் தெரியல. நின்னுக்கினு லைட்டப் போட்டா பேயாட்டம் ஆடுது."

பெரியப்பா சாமுவேல் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தார். செவிலிமேடு போகிற ரோட்டில் கார் ஒயரிங் வேலை செய்தே தலை நரைத்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். வண்டி விற்கிறவன் பேச்சையும் நம்பமாட்டார், ஓட்டுகிறவன் பேச்சையும் நம்பமாட்டார். அதிலும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை அவருக்கு அறவே பிடிக்காது. பாடி கன்ட்ரோல் மாடுல் என்று பேர். லைட், லாக், வைப்பர், ஹாரன் எல்லாம் அது வைத்த சட்டம். ஒரு சுவிட்சைத் தட்டினால், சுவிட்ச் போய் அந்தப் பெட்டியிடம் மனு கொடுக்க வேண்டும், பெட்டி மனது வைத்தால்தான் பல்பு எரியும். இதெல்லாம் ஒரு ஒயரிங்கா?

"பெட்டி செத்துட்ச்சு," என்றார். "ஒயரை வெட்டி, ஹெட்லைட்டுக்கு நேரா சுவிட்ச் போட்டுத் தரேன். ஓட்டிக்கினு போ."

"வெட்டாதப்பா," என்றாள் சுகாசினி. அவருடைய மகள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் சர்வீஸில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு, ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதன் ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டி நல்லா பேசுது. தனக்கு வர்ற வோல்ட் பத்தலன்னு சொல்லுது."

சாமுவேல் மீட்டரை எடுத்துப் பெட்டிக்குப் போகும் ஒயரில் வைத்தார். பன்னிரண்டரை காட்டியது. ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் பன்னிரண்டரை.

"பேட்டரில இருக்கறது அப்படியே வருது. உன் மெஷினு பொய் சொல்லுது."

"பொய் சொல்லி அதுக்கு இன்னாப்பா ஆகப்போவுது? அது இன்னா எலெக்சன்ல நிக்குதா?"

ராமராஜன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பஞ்சகச்சமும் செல்போனுமாகப் பராங்குசம் வந்துகொண்டிருந்தார். சின்ன காஞ்சிபுரம், ரிட்டயர்டு வாத்தியார். மறுநாள் அவர் மகள் மானஸாவுக்குக் கல்யாணம். இன்று சாயங்காலம் ஜானவாசம். கோயில் வாசலிலிருந்து சன்னதித் தெரு வழியாக மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளையைக் காரில் உட்கார்த்தி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் ஊர்வலம். லைட் போட்டுக்கொண்டு, நின்று நின்று. இந்த வண்டிக்குப் பேய் பிடிக்கிற அதே வேகம்.

"திறந்த கார் சொல்லியிருந்தேன், வாலாஜாபாத்கிட்ட படுத்துடுத்து," என்றார். "ராமராஜா, உன் வண்டி ரெடிதானே?"

ராமராஜன் சாமுவேலைப் பார்த்தான். சாமுவேலுக்கு மழுப்பத் தெரியாது. "நீங்களே பாருங்க சார்," என்று சுவிட்சைத் திருகினார். வைப்பர் ஆடியது. கதவுகள் படபடத்தன. ஹாரன் குரைத்தது.

பராங்குசம் ஒரு எட்டு பின்னால் போனார். "மாப்பிள்ளை ஆத்துக்காரா ஏற்கெனவே ஒரு தினுசாப் பேசிண்டிருக்கா. உள்ளே மாப்பிள்ளையை வெச்சுண்டு இது இப்படிப் பண்ணித்துன்னா என் மானம் போயிடும். நாலு மணி வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா செங்கல்பட்டு காருக்குச் சொல்லிடறேன்."

அவர் போனதும் ராமராஜன் கதவில் சாய்ந்து நின்றான்.

"வுடுறா," என்றார் சாமுவேல். "வேற கார் கெடைக்காமத்தானே உன்னக் கூப்ட்டாரு."

"இருக்கட்டும் பெரியப்பா. கூப்ட்டாரு இல்ல?" அவன் குரல் இறங்கியது. "நம்ம தாத்தன் நெல்லு மூட்டைய அந்த சன்னதித் தெரு முனையோட எறக்கிட்டு வந்துடுவாருன்னு நீதானே சொன்ன. உள்ள வேற ஆளு வந்து தூக்கிக்கினு போவானாம். அதே தெருவுல நடுவுல ஓட்டிக்கினு போலாம்னு பாத்தேன்."

சாமுவேல் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. அந்தத் தெருவில் அவரும் இதுவரை கால் வைத்ததில்லை. யாரும் தடுத்ததில்லை. இவரும் போனதில்லை. பிளேயரைக் கீழே வைத்தார்.

"அந்த மெஷினு இன்னா சொல்லுதோ, திரும்பச் சொல்லு."

"வோல்ட் கம்மி. லைட் எரியுறப்பதான் அப்படி எழுதியிருக்குது." சுகாசினி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீ அளந்தப்ப எல்லாமே ஆஃப்ல இருந்துச்சுப்பா."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாமுவேலின் தாடை நின்றது. பிறகு வெற்றிலையை ஓரமாகத் துப்பினார்.

"அடச்சீ. தூங்கறவனை எழுப்பாம ஒடம்பு நல்லாருக்குதான்னு கேட்டுக்கினு இருந்துருக்கேன்."

மீட்டர் கரண்டே இழுக்காது. வேலை வைத்தால்தானே ஒயரின் லட்சணம் தெரியும்? அவர் ஆணியில் தொங்கிய டெஸ்ட் பல்பை எடுத்தார். பிரேக் லைட்டுக்குப் போடுகிற பெரிய பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு முனையைப் பாடியில் கவ்வவிட்டு, மறுமுனையைப் பெட்டிக்குப் போகும் ஒயரில் குத்தினார். பல்பு எரிந்தது என்று சொல்லக்கூடாது, சிவந்தது. சாகப்போகிற பீடிக்கங்கு மாதிரி.

ராமராஜன் அதை எட்டிப் பார்த்தான்.

"பேட்டரிலருந்து வா," என்றாள் சுகாசினி.

சாமுவேல் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பேட்டரி முனையில் வைத்தார். பல்பு கண்ணைக் குத்தியது. மெயின் ஃபியூஸ், பளிச். உள்ளே வரும் தடித்த ஒயர், பளிச். ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, பெட்டியின் ஃபியூஸ் தலையில் இடது பக்கம் வைத்தார். பளிச். வலது பக்கம் நகர்த்தினார்.

பீடிக்கங்கு.

"இங்க இருக்குதுடி," என்றார். "ஒரு விரக்கடைக்குள்ள. இந்தாண்ட வர்ற கரண்டு அந்தாண்ட போவல."

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் நீட்டினார். தலை புதுசு போலிருந்தது. கீழே இரண்டு காலையும் சேர்த்து ஏதோ சுற்றியிருந்தது. பாதி கருகி, பாதி தங்கமாக மின்னியது.

சுகாசினி நகத்தால் கிள்ளி எடுத்தாள். காஞ்சிபுரத்தில் அது என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிகை.

இரண்டு பேரும் ராமராஜனைப் பார்த்தார்கள்.

"போன வாரம் தென்னேரி போனேன்ல," என்றான் அவன் மெதுவாக. "நெசவுக்கார நீலாம்பாள் அம்மா சவாரி. சரிகைக் கட்டை சீட்டுக்கடியில உருண்டுட்ச்சு, லைட்டப் போடுன்னாங்க. மேல் பல்பு செத்திருந்துச்சு. மாத்தறப்ப ஒயர் தகரத்துல பட்டு ஃபியூஸ் போயிட்ச்சு. வண்டி ஸ்டார்ட்டே ஆவல. கோடை மழை வேற. அந்தம்மாதான் கொஞ்சம் சரிகை அறுத்துக் குடுத்துச்சு. தங்க முலாம் போட்ட அசல் வெள்ளிப்பா, கரண்டு ஓடும்னுச்சு. ஓடுச்சு."

"ஓடும்டா. வெள்ளிதான். ஆனா தலைமயிரை விட சன்னம். உள்ள இருக்கறது பட்டு நூலு. ஒவ்வொரு இழையா எரிஞ்சு இப்ப ரெண்டு இழைல தொங்குது. வேகமாப் போனா டைனமோ கூடக் குடுத்து சமாளிக்குது, நின்னு லைட்டப் போட்டா பெட்டிக்குப் பசி, கிறுக்குப் புடிக்குது. என்னாண்ட ஏன்டா சொல்லல?" என்றார் சாமுவேல்.

"ரெண்டு நாள் நல்லாத்தானே இருந்துச்சு. சொன்னா நீ திட்டுவ."

"திட்டுவேன். இப்பவும் திட்டறேன், வேலை முடியட்டும்."

புது ஃபியூஸ் போட்டார். மேல் பல்பின் ஒயருக்கு டேப் சுற்றினார். சுகாசினி ஸ்கேனரில் பழைய பிழைக் குறிப்புகளை அழித்தாள். "போடு," என்றாள்.

ராமராஜன் சுவிட்சைத் திருகினான். லைட் எரிந்தது. வைப்பர் படுத்தே கிடந்தது. கதவுகள் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் போட்டான். இன்னொரு தரம். சுகாசினி அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அவர் இருமும் அளவுக்கு.

"உன் மெஷினு சொன்னது நெசந்தான்," என்றார் இருமலுக்கு நடுவில். "இன்னொரு வாட்டி சொல்லுவேன்னு எதிர்பாக்காத."

பராங்குசம் வந்து தானே நாலைந்து தரம் லைட்டைப் போட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. ஆனாலும் வாத்தியார் அல்லவா, "வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். "சாமுவேல், நீங்களே முன் சீட்ல உக்காந்துண்டு வந்துடுங்கோளேன்."

சாமுவேல் தன் சட்டையைப் பார்த்தார். கிரீஸ். "இந்தச் சட்டையோடவா?"

"வேற சட்டை போட்டுண்டு வாங்கோ. நேரமாறது."

பொழுது சாய்ந்தபோது வண்டி பூவும் மாலையுமாகக் கோயில் வாசலை விட்டு நகர்ந்தது. பின்னால் மாப்பிள்ளை. முன்னால் நாதஸ்வரம். ராமராஜன் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டான். சன்னதித் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களில் ஜனம் நின்று பார்த்தது. குழந்தைகள் கையாட்டின. யாரோ ஒரு மாமி ஜன்னல் வழியாக முன் சீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கற்கண்டு நீட்டினாள். சாமுவேல் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

மண்டபத்தில் மாப்பிள்ளை இறங்கி, ஆரத்தி முடிந்து, கூட்டம் உள்ளே போனது. ராமராஜன் இஞ்சினை அணைத்தான். சட்டை நனைந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படி பெரியப்பா இருந்துச்சு தெரு?"

வழி முழுக்கக் கண்ணாடியின் அடியில் கிடந்த வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்த சாமுவேல் அப்போதுதான் கண்ணை எடுத்தார்.

"எந்தத் தெருடா?" என்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "நீ வண்டியைப் பாத்துக்கோ. நான் அதுல ஒரு வாட்டி நடந்து போயிட்டு வரேன்."